பிறழ்ந்த துயிலும் பகலவன் ஒளியும்

ஊர் முழுவதும் உறங்கும் வேளையில் ஒருவர் மட்டும் கண் விழித்துப் படுத்திருக்கிறார். விளக்கை அணைத்துவிட்டார், படுக்கையும் நன்றாக இருக்கிறது, உடலில் நோவு ஏதும் இல்லை. ஆயினும் உறக்கம் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ ஒருவாறு கண் அயர்கிறார். ஏழு மணிக்கு வீட்டார் எழுப்பும்போது எழ இயலாமல் தவிக்கிறார். “இரவில் ஆந்தை, பகலில் சோம்பேறி” என்று வீடு அவரை ஏசுகிறது. பாடசாலையோ அலுவலகமோ அவரைக் கண்டிக்கிறது. நாளடைவில் அவரும் அதனை நம்பி, தம் மனவுறுதியின் குறையே இது என்று எண்ணித் தம்மையே நொந்துகொள்கிறார்.

நேயர்களே, இத்தகையோர் நம்மிடையே பலர் உளர். தேர்வுக்குப் படிக்கும் மாணவர், இரவு வேலை பார்த்துவிட்டு மீண்டும் பகல் வேலைக்குத் திரும்பும் தாதியர், கடல் கடந்து பயணம் செய்து வந்தோர், நள்ளிரவு கடந்தும் கைத்தொலைபேசியின் ஒளியில் விழித்திருக்கும் இளைஞர் எனப் பலருக்கும் துயிலின் காலம் பிறழ்ந்துபோகிறது. அதனை மீண்டும் ஒழுங்குக்குக் கொணர்வது எங்ஙனம்? இக்கேள்விக்குரிய விடை ஒரே நாளில் கிடைத்ததன்று. மரத்தின் இலையில் தொடங்கி, மலைக்குகை வழியாக, வைத்தியசாலையின் கட்டிலுக்கு வந்து சேர்ந்த நீண்டதொரு வரலாறு அதற்கு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தால், உறக்கத்தைத் திருத்தும் வழியும் விளங்கும். உறங்க இயலாதவர்மீது நாம் சுமத்தும் பழி எவ்வளவு பொருந்தாதது என்பதும் விளங்கும்.

மரத்தின் இலையில் தொடங்கியது என்றோம். அம்மரமும் நாம் நன்கு அறிந்த புளியமரமே என்று அறிஞர் கருதுகின்றனர். கி. மு. நான்காம் நூற்றாண்டில் மகா அலெக்சாந்தரின் படையைச் சேர்ந்த அந்திரோஸ்தெனிஸ் என்பவர் பாரசீகக் குடாவிற் கடற்பயணம் செய்தார். இன்று பஹ்ரேன் எனப்படும் தீவில் அவர் ஒரு மரத்தைக் கண்டார். இரவானதும் அதன் இலைகள் கூம்பின. சூரியன் உதித்ததும் விரியத் தொடங்கின. நண்பகலில் முற்றாக விரிந்தன. அம்மரம் உறங்குகிறது என்று தீவின் மக்கள் கூறினர். இச்செய்தியைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்தஸ் தம் தாவர நூலிற் பதிந்து வைத்தார். மரம் உறங்கும் என்பது நமக்குப் புதுமையன்று. அந்தியில் இலை மடக்கும் மரமொன்றுக்குத் ‘தூங்குமூஞ்சி மரம்’ என்று பெயரிட்டு அழைப்போர் நாம். ஆயின், இலை ஏன் கூம்புகிறது என்று வினவினால், இருள் வந்தது, ஆகவே கூம்பியது என்பதோடு எல்லாரும் அமைந்துவிட்டனர். இரண்டாயிரம் ஆண்டுகளாக அவ்விடையை எவரும் ஐயுறவில்லை.

முதன்முதலில் ஐயுற்றவர் தாவரநூல் வல்லுநர் அல்லர், வானநூல் வல்லுநர். பிரான்சு நாட்டவரான ழான் ழாக் தொர்த்து தெ மெரான் என்பது அவர் பெயர். தொட்டாற்சிணுங்கி இனத்தது என்று கருதப்படும் ஒரு செடியை அவர் எடுத்து, பகலொளி புகாத இடத்தில் வைத்தார். வெளியே பகலானபோது, இருளில் இருந்த அச்செடியின் இலைகள் விரிந்தன, மாலையானபோது கூம்பின. சூரியனைக் காணாமலே செடி சூரியனின் வரவை உணர்ந்தது போல இருந்தது. 1729ஆம் ஆண்டில் இச்செய்தி பாரிசிலுள்ள அறிவியற் கழகத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு பக்க அளவே கொண்ட அச்சிறு குறிப்பில், நாம் கருத வேண்டிய கருத்தொன்று உளது. நெடுங்காலம் படுக்கையிற் கிடக்கும் நோயாளர், வெளியே செல்லாமலே பகலிரவு வேற்றுமையை உணர்கின்றனரே, அதனோடு இஃது ஒத்திருக்கிறது என்று அக்குறிப்புக் கூறியது. செடியின் இலையையும் மனிதனின் துயிலையும் ஒரே கயிற்றிற் கோத்த முதற் குறிப்பு அதுவே எனலாம்.

எனினும், ஐயம் தீரவில்லை. இருட்டறையில் ஒளி இல்லையேனும், பகலின் வெப்பமும் இரவின் குளிர்ச்சியும் நுழைந்திருக்கலாம் அன்றோ? பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரான்சு நாட்டின் துயமேல் தூ மொன்சோ என்பவர் செடியை வெப்பம் மாறாத குகையில் வைத்து ஆராய்ந்தார். அங்கும் இலைகள் தம் ஒழுங்கைக் கைவிடவில்லை. பின்னர், 1832ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டுத் தாவரவியலாளர் ஒகுஸ்தென் தெ காந்தோல் இரண்டு பேருண்மைகளை வெளியிட்டார்.

முதலாவது, மாறாத சூழலில் வைக்கப்பட்ட தொட்டாற்சிணுங்கியின் நாள் சரியாக 24 மணித்தியாலம் கொண்டதன்று. 22 அல்லது 23 மணித்தியாலமே கொண்டது. சூரியனை ஏதோ ஒரு வழியில் செடி உணர்ந்திருந்தால், அதன் நாளும் 24 மணித்தியாலமாகவே இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை. ஆகவே, அந்த ஒழுங்கு வெளியிலிருந்து வந்ததன்று. செடியின் உள்ளேயே பிறந்தது. இரண்டாவது, அவர் இரவில் விளக்கேற்றிப் பகலில் இருளாக்கி வைத்தபோது, செடி முதலிற் குழம்பிற்று. சில நாள்களுக்குப் பின் இரவைப் பகலாகவும் பகலை இரவாகவும் ஏற்றுக்கொண்டது. அதாவது, உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் முள்ளைத் திருப்பும் விரல் ஒளி. பிறழ்ந்த உறக்கத்தைத் திருத்துவதற்கு வேண்டிய அடிப்படை அறிவு முழுவதும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கிவிட்டது. ஆயின், அது மனிதனுக்கும் பொருந்தும் என்று நிறுவ மேலும் ஒரு நூற்றாண்டும் அதற்கு மேலும் சென்றன.

செடியை இருளில் வைப்பது எளிது. மனிதனை வைப்பது எளிதன்று. அதற்குத் துணிந்தவர் நத்தானியேல் கிளைற்மன். உருசியப் பேரரசிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறி, சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் உறக்கத்தைப் பற்றி மட்டுமே ஆராய்ந்தவர் அவர். 1938ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், கென்ரக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைக்குள் அவர் தம் மாணவர் புரூஸ் ரிச்சேட்சனுடன் புகுந்தார். அங்கே பகலும் இல்லை, இரவும் இல்லை. வெப்பநிலை எப்போதும் ஏறத்தாழ 12 பாகை செல்சியசு. அவ்விருவரும் 32 நாள்கள் அங்கே தங்கி, ஒன்பது மணித்தியாலம் படுக்கையிலும் பத்தொன்பது மணித்தியாலம் விழிப்பிலுமாக, 28 மணித்தியாலம் கொண்ட செயற்கையான ஒரு நாளை வாழ முயன்றனர். இளைஞரான ரிச்சேட்சனின் உடல் வெப்பம் அப்புதிய நாளுக்கு ஏற்ப ஏறி இறங்கலாயிற்று. நாற்பது வயதைக் கடந்திருந்த கிளைற்மனின் உடலோ இறுதிவரை பணியவில்லை. மேலுலகின் 24 மணித்தியால நாளையே அது பற்றிநின்றது. மனவுறுதியில் அவருக்குக் குறை ஏதும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் குகையிற் கிடக்கத் துணிந்தவரின் மனவுறுதியை யார் குறைகூறுவார்? ஆயினும், கட்டளையால் உறக்கத்தை நகர்த்த அவரால் இயலவில்லை. இரு மனிதரின் கடிகாரங்கள் ஒரே தன்மையன அல்ல என்பதும் இதனால் வெளிப்பட்டது.

கிளைற்மன் குகைக்குள் கடிகாரத்தைக் கொண்டு சென்றார். அதுவும் இல்லாமற் சென்றால் என்ன ஆகும்? 1962ஆம் ஆண்டில் மிசேல் சிஃப்ர் என்னும் 23 வயதுப் பிரெஞ்சு நிலவியல் ஆய்வாளர் அதனைச் செய்து காட்டினார். பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே அல்ப்ஸ் மலையில் உள்ள ஸ்கராசன் என்னும் ஆழ்குழியில், நிலத்தடிப் பனிக்கட்டியின் அருகே கூடாரம் அடித்து, அவர் இரண்டு மாதம் தனியே வாழ்ந்தார். விழித்தபோதும் உண்டபோதும் உறங்கச் சென்றபோதும் மேலே இருந்த குழுவினரைத் தொலைபேசியில் அழைத்துக் கூறுவார். நேரம் என்னவென்று அவர்கள் ஒருபோதும் கூறமாட்டார்கள். ஆடி 18ஆம் நாள் இறங்கியவரிடம், புரட்டாதி 14ஆம் நாள், காலம் முடிந்தது, மேலே வரலாம் என்றபோது அவர் நம்பவில்லை. அவர் கணக்கின்படி அன்று ஆவணி 20ஆம் நாள்! நாம் ஆங்கில மாதங்களையே இங்கு நம் நாட்டு வழக்கின்படி குறிக்கின்றோம். அவருடைய மனம் ஏறக்குறைய 25 நாள்களைத் தவறவிட்டது. ஆனால், மேலே இருந்தோர் எழுதிவைத்த குறிப்புகளைப் பார்த்தால், அவருடைய உடல் எதனையும் தவறவிடவில்லை. ஏறத்தாழ 24 மணித்தியாலமும் 30 நிமிடமுமான நாளை அது ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்தது.

அக்காலத்திலேயே ஜேர்மனியில் யூர்கன் அசோஃப் என்னும் அறிஞர் மியூனிக் நகரின் வைத்தியசாலை ஒன்றின் நிலவறையிலும், பின்னர் அன்டெக்ஸ் என்னும் ஊரிற் கட்டப்பட்ட தனியறைகளிலும், தொண்டர்களை வாரக்கணக்கில் தங்கவைத்து ஆராய்ந்தார். பெரும்பாலோரின் நாள் 24 மணித்தியாலத்தைச் சற்றே கடந்து நின்றது. உடலின் கடிகாரத்தை உலகின் நாளோடு இசைவிக்கும் குறிப்புகளுக்கு அவர் ‘காலம் தருவது’ எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லொன்றை வழங்கினார். அச்சொல்லே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

அக்குறிப்புகளுள் ஒளியே தலையாயது. வேறு குறிப்பு உண்டா என்னும் கேள்விக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு விடை கிடைத்தது. மதுரைப் பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆய்வாளர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் 1970களின் பிற்பகுதியில் குகை வௌவால்களை ஆராய்ந்தனர். ஒளி புகாத குகையின் உட்பகுதியில் தனிக் கூட்டில் அடைக்கப்பட்ட வௌவால், தன் இனத்தார் மாலைதோறும் புறப்பட்டுச் சென்று திரும்பும் குகையில் இருந்தவரை, அவர்களின் நாளோடு ஒன்றியே இயங்கிற்று. இனத்தார் இல்லாத குகையிலோ, அதன் நாள் தன்போக்கில் நகர்ந்து சென்றது. சூரியனைக் காணாத ஓருயிர் தன் சுற்றத்தின் நடமாட்டத்திலிருந்து காலத்தை அறிந்துகொண்டது. பின்னர் அப்பல்கலைக்கழகத்திலேயே மனிதரைத் தனிமையில் இருத்தி ஆராயும் அறையும் அமைந்தது.

மனிதனின் உட்கடிகாரத்துக்கு உரிய நாள் எவ்வளவு என்பது 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் சைஸ்லரும் அவருடன் ஆராய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வால் துல்லியமாயிற்று. சராசரியாக 24 மணித்தியாலமும் 11 நிமிடமும் என்று அவர்கள் கண்டனர். முன்னைய ஆய்வுகளில் நாள் நீண்டு தோன்றியதற்குக் காரணம் என்ன? அந்நாள்களில் தனியறையில் இருந்தோர் தாம் விரும்பியபோது விளக்கை ஏற்றவும் அணைக்கவும் உரிமை பெற்றிருந்தனர். உறங்குமுன் தாமே ஏற்றிய விளக்கு அவர்களின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிற்று. அதனை எவரும் அப்போது கவனிக்கவில்லை. அன்று ஒரு சோதனைச்சாலையில் நேர்ந்த அக்காரியம் இன்று ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் நேர்கிறது என்பதைக் கேட்போர் உணர வேண்டும்.

பதினொரு நிமிடம் என்பது அரை நாழிகையிலும் குறைவு. ஆயின், திருத்துவார் இல்லையேல், அது நாளும் பிந்தும் கடிகாரம் போன்றதாகும். ஆகவே, நாள்தோறும் ஏதோ ஒன்று அம்முள்ளைச் சிறிது முன்னே தள்ளிவிட வேண்டும். இயற்கையில் அதனைச் செய்வது காலைக் கதிரவன்.

இக்கடிகாரம் உடலில் எங்கே இருக்கிறது? 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட இரு சிறு முடிச்சுகள் உள்ளன. எலிகளில் அவற்றை அழித்தபோது துயிலும் விழிப்பும் ஒழுங்கிழந்து சிதறின. கண்ணின் வாயிலிலே அக்கடிகாரம் அமர்ந்திருப்பது தற்செயலன்று. 2002ஆம் ஆண்டளவில் விழித்திரையிலே தனிவகைக் கலங்கள் கண்டறியப்பட்டன. அவை உருவங்களைக் காண்பதற்கென அமைந்தவை அல்ல; சூழலின் வெளிச்சத்தை அளந்து, குறிப்பாக நீல ஒளியை உணர்ந்து, மூளைக் கடிகாரத்துக்கு அறிவிப்பவை. பார்வை இழந்தோர் சிலரிடம் இவ்வுணர்வு எஞ்சியிருக்கிறது. அவர்களின் துயில் ஒழுங்காக இருக்கிறது. அதனையும் முற்றாக இழந்தோர் பலரின் துயிலோ நாளுக்கு நாள் நகர்ந்து, சில கிழமை இரவிலும் சில கிழமை பகலிலுமாக அலைகிறது. ஒளி எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஒளியின் செய்தியை உடலெங்கும் பரப்பும் தூதன் மெலற்றோனின் என்னும் ஓமோன். 1958ஆம் ஆண்டில் ஆரன் லேர்னர் என்னும் அமெரிக்க வைத்தியர் மாடுகளின் கூம்புச் சுரப்பியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். நாம் வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் முன்னதாக அது குருதியிற் பெருகத் தொடங்குகிறது. இரவு வந்தது என்று உடலுக்கு அறிவிப்பதே அதன் பணி. மிகுந்த ஒளி கண்ணிற் பட்டால் மனிதரின் மெலற்றோனின் சுரப்பு அடங்கிவிடும் என்பதை 1980ஆம் ஆண்டில் அல்பிரட் லூவியும் அவருடைய துணைவரும் நிறுவினர். சாதாரண வீட்டு விளக்கின் ஒளியும் ஓரளவு அதனைத் தாமதப்படுத்தும் என்பது பிற்கால ஆய்வுகளால் தெரியவந்தது.

இனி வைத்தியசாலைக்கு வருவோம். நியூயோர்க் நகரிலுள்ள மொன்ரஃபியோர் வைத்தியசாலையில் எலியற் வைற்ஸ்மன் என்னும் வைத்தியர் உறக்கமின்மைக்குச் சிகிச்சை அளித்து வந்தார். அவரிடம் வந்தோருள் ஒரு சாராரின் நிலைமை வியப்பூட்டுவதாக இருந்தது. அவர்களுக்கு உறங்கத் தெரியாமல் இல்லை. விடுமுறை நாளில் விடியற்காலை நான்கு மணிக்குப் படுத்து நண்பகலில் எழும்படி விட்டுவிட்டால், குறையேதுமின்றி ஆழ்ந்து உறங்கினர். இரவு பதினொரு மணிக்கு உறங்குமாறு கூறினால் மட்டுமே உறக்கம் வரவில்லை. தூக்க மருந்தும் பயன்படவில்லை. அவர்களுட் பலர் பல்லாண்டுகளாகச் சோம்பேறி என்றும், பொறுப்பற்றவர் என்றும், மனநோயாளர் என்றும் பெயர் சுமந்தவர்கள். 1981ஆம் ஆண்டில் வைற்ஸ்மனும் சைஸ்லரும் உள்ளிட்ட குழுவினர் இதனைத் தனி நோயாக வரையறுத்தனர். இவர்களின் உறக்கம் கெட்டதன்று. பிந்தியது மட்டுமே என்றனர். அவ்வொரு சொல்லால் பலரின் பழி நீங்கிற்று.

அவர்கள் கையாண்ட சிகிச்சையும் விந்தையானது. விடியற்காலை நான்கு மணிக்கு உறங்குபவரைப் பதினொரு மணிக்கு இழுத்துவருவது கடினம். ஏனெனில் உடலின் நாள் 24 மணித்தியாலத்தினும் நீண்டது. பிந்துவது அதற்கு எளிது, முந்துவது அரிது. ஆகவே, அவர்கள் நோயாளரை நாளுக்கு மூன்று மணித்தியாலம் மேலும் பிந்தி உறங்கச் செய்தனர். முதல் நாள் காலை ஏழு மணி. மறுநாள் பத்து மணி. அடுத்த நாள் பிற்பகல் ஒரு மணி. இவ்வாறே கடிகாரத்தைச் சுற்றி வந்து, ஆறாம் நாள் இரவு பத்து மணியை அடைந்தனர்! ஊரைச் சுற்றி வந்து வீட்டின் முன்வாயிலை அடைந்தது போன்றதே இது. ஐந்து நோயாளர் பற்றிய அவ்வறிக்கை வெற்றியை அறிவித்தது. ஆயினும், அதற்கு ஒரு கிழமை வேலையை விடவேண்டும். திருத்தியபின் சற்றே நெகிழ்ந்தாலும் உறக்கம் மீண்டும் பிந்தத் தொடங்கும். இதனினும் எளிய வழி தேவைப்பட்டது.

அவ்வழியைக் காட்டியது, காந்தோல் செடிக்கு ஏற்றிய அதே விளக்கு. 1986ஆம் ஆண்டிற் சைஸ்லரின் குழுவினர், முதிய பெண்மணி ஒருவருக்கு, மாலைவேளையில் வலிய ஒளியைக் காட்டினர். சில நாள்களுக்குள் அவருடைய உட்கடிகாரம் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் பின்னே நகர்ந்தது. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பிந்தி உறங்குவோர்க்குக் காலையில் வலிய ஒளி காட்டினால் உறக்கம் முன்னே வரும் என்று காட்டிற்று. இவ்வாறு விதி தெளிவாயிற்று. இரவின் முற்பகுதியிற் காணும் ஒளி கடிகாரத்தைப் பிந்தச் செய்யும். விழிக்கும் வேளையையொட்டிக் காணும் ஒளி அதனை முந்தச் செய்யும்.

இந்த விதியிலே ஒரு நுட்பம் உண்டு. ஒளியின் பயன் சுவர்க் கடிகாரத்தைப் பொறுத்ததன்று. உடற் கடிகாரத்தைப் பொறுத்தது. நாம் இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாக உடல் வெப்பம் மிகத் தாழ்கிறது. அதற்கு முன் காணும் ஒளி பின்னே தள்ளும். அதற்குப் பின் காணும் ஒளி முன்னே இழுக்கும். ஆகவே, நாள்தோறும் பதினொரு மணிக்கு எழுபவர், ஒரே நாளில் திருந்தி விடுவேன் என்று ஐந்து மணிக்கு எழுந்து வெயிலுக்குச் சென்றால், எண்ணியதற்கு மாறான பயனும் விளையக்கூடும். நல்லெண்ணத்தோடு தொடங்கிய எத்தனையோ முயற்சிகள் மூன்று நாளிற் சரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எனவே, பிறழ்ந்த துயிலைத் திருத்த விரும்புவோர் இரவிலிருந்து தொடங்கலாகாது. காலையிலிருந்து தொடங்க வேண்டும். உறங்கும் நேரம் நம் கட்டளைக்கு அடங்காது. எழும் நேரம் ஓரளவு அடங்கும். இப்போது இயல்பாக எழும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, நாளுக்கோ இரு நாளுக்கோ அரைமணி முதல் ஒரு மணித்தியாலம் வரை அதனை முன்னே கொணர்க. எழுந்தவுடன் வெளியே சென்று அரைமணியேனும் பகலொளியில் நிற்க. மேகம் மூடிய வானமும் அறை விளக்கினும் பல மடங்கு ஒளியுடையது. உறங்குமுன் இரண்டு மணித்தியாலம் விளக்கைக் குறைத்துக் கைத்தொலைபேசியை அகற்றுக. பிற்பகலுக்குப் பின் கோப்பியும் கடுந்தேநீரும் தவிர்க. கோப்பியின் பாதி வீரியம் ஐந்து மணித்தியாலம் கழிந்தும் உடலில் எஞ்சியிருக்கும். விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை மாற்றாதிருக்க. சனி ஞாயிறுகளில் நண்பகல்வரை உறங்குதல், ஐந்து நாள் தேடிய பொருளை இரு நாளில் இழப்பதை ஒக்கும். மெலற்றோனின் மாத்திரை உண்டெனினும், அதனை எந்த வேளையில் உட்கொள்வது என்பதே அதன் பயனைத் தீர்மானிப்பதால், வைத்தியரின் ஆலோசனையின்றி அதனை நாடலாகாது. குறட்டையோடு மூச்சுத் தடைப்படுவோரும், நெடுநாள் மனச்சோர்வுடையோரும் முதலில் வைத்தியரையே காணவேண்டும்.

இவ்வழி பயன் தரும் என்பதற்கு அழகிய சான்று ஒன்றுண்டு. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெனத் ரைற் என்பவர் எட்டுப் பேரை ஒரு கிழமை மலைக்காட்டிற் கூடாரத்தில் தங்கச் செய்தார். பகலிற் சூரியன், இரவில் விறகுத் தீ. வேறு விளக்கில்லை, தொலைபேசியும் இல்லை. ஒரே கிழமையில் அவர்களின் உடற்கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் முன்னே வந்தது. அவர்களுக்கு மருந்தும் கொடுக்கப்படவில்லை, அறிவுரையும் கூறப்படவில்லை. நம் தீவு நிலநடுக்கோட்டை அடுத்திருப்பதால், ஆண்டு முழுவதும் ஆறு மணியையொட்டியே கதிரவன் எழுகிறான். வடநாட்டார் பனிக்காலத்தில் விளக்குப் பெட்டி வாங்கிப் பெறும் ஒளி நமக்கு முற்றத்திலேயே கிடைக்கிறது.

ஆயினும், எல்லாவற்றையும் முயற்சியாலே மாற்றலாம் என்று கூறுவது உண்மையாகாது. 1971ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் றொனால்ட் கொனொப்கா, சைமர் பென்சர் ஆகியோர் பழ ஈக்களை ஆராய்ந்தனர். ஒரே பரம்பரை அலகில் ஏற்பட்ட மாற்றத்தால் சில ஈக்களின் நாள் 19 மணித்தியாலமாகவும், சிலவற்றின் நாள் 28 மணித்தியாலமாகவும் ஆயிற்று. வேறு சிலவற்றுக்கு நாள் என்பதே இல்லாதொழிந்தது. அந்த அலகைப் பிரித்தெடுத்து அதன் இயக்கத்தை விளக்கிய ஜெஃப்ரி ஹோல், மைக்கல் றொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவரும் 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். மனிதரிலும் பரம்பரையாக மாலையிலேயே உறங்கி விடியுமுன் விழிக்கும் குடும்பங்கள் உண்டு. 2001ஆம் ஆண்டில் அத்தகைய குடும்பம் ஒன்றில், ஈயின் அவ்வலகை ஒத்த அலகிலேயே மாற்றம் காணப்பட்டது. வைகறையில் எழுவதனைத்தும் அறமும் அன்று. பிந்தி எழுவதனைத்தும் குற்றமும் அன்று.

வயதும் இதிற் பங்கு கொள்கிறது. பருவம் எய்தும் காலத்தில் இளைஞரின் கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. முதுமையில் மீண்டும் முந்துகிறது. இதனைக் கருதியே 2014ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், இடைநிலை, உயர்நிலைப் பாடசாலைகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது என்று பரிந்துரைத்தது. நம் நாட்டு அரசினர் பாடசாலைகள் பெரும்பாலும் 7.30 மணிக்குத் தொடங்குகின்றன. ஊரிலிருந்து பேருந்தேறி வரும் பிள்ளை ஐந்து மணிக்கே எழுந்தாக வேண்டும். இரவு வகுப்பும் பாடமும் முடித்து, பதினொரு மணிக்குப் படுத்த அப்பிள்ளை முதற் பாடவேளையிற் கண் சொருகினால், அதனைச் சோம்பல் என்று பெயரிடுமுன் நாம் சற்றே கணக்குப் பார்த்தல் வேண்டும். இரவில் நோயாளரைக் காத்த தாதியும், இரவுப் புகைவண்டியைச் செலுத்தியவரும் பகலில் உறங்க முயலும்போது, அவர்களின் உடற்கடிகாரம் விழித்திருக்குமாறு ஆணையிட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களின் அறைக்கு இருண்ட திரையும், அவ்வீட்டுக்குச் சிறிது அமைதியும் தருவது சுற்றத்தாரின் கடமை.

சுற்றத்தின் நடமாட்டத்திலிருந்து காலத்தை அறிந்த மதுரை வௌவாலை இங்கு நினைவுகூரலாம். துயில் பிறழ்ந்தவரைத் தனியே விட்டு ஏசுவதனால் அவர் திருந்துவதில்லை. காலையில் சன்னலைத் திறந்து, ஒரு கோப்பைத் தேநீருடன் அவரை முற்றத்துக்கு அழைத்துச் செல்லும் ஒருவர் வீட்டில் இருந்தால், அதுவே பெருந்துணை. இருளில் வைத்த செடியை எவரும் சோம்பேறி என்று ஏசியதில்லை. அதனை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தனர். மனிதருக்கும் அவ்வளவு பரிவையேனும் நாம் காட்டுவோமாக.